வாமடையை அடைத்த மாப்பிள்ளை

மாநிலம் விட்டு மாநிலம் குடிபோகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. எதையும் கேட்காமல் மூட்டையைக் கட்டுகிறவர்கள் ஒரு ரகம். கேட்டுக் கேட்டே மற்றவர் பிராணனை வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். அய்யாக்கண்ணு சந்தேகமில்லாமல் இரண்டாவது ரகம். மைசூர் மாநிலத்தில் கோலார் பக்கம் பிறந்து, அங்கேயே கிணற்றுப் பாசனத்தில் கேழ்வரகும் மிளகாயும் போட்டு முப்பது வயதைத் தாண்டியவர் அவர். மனைவியின் ஊருக்கே போய்விடுவது என்று வீட்டில் முடிவானதும், கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்துத் தஞ்சாவூர் ஜில்லாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

முடிவு லேசில் வந்ததல்ல. மனைவி சுந்தரி அவருடைய தாய்மாமன் பஞ்சநாதனின் ஒரே மகள். பஞ்சநாதன் வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மிராசுதாரின் நிலத்தைக் காலங்காலமாகக் குத்தகைக்குச் செய்துவந்தவர். மூன்று ஏக்கர், அந்தப் பக்கத்து வழக்கில் ஒன்பது மா. மாசி மாதத்தில் அவர் திடீரென்று போய்ச் சேர்ந்தார். அப்போது சென்னையில் வந்திருந்த புது ஆட்சி, குத்தகைக்காரர்களின் பெயரைச் சர்க்கார் பதிவில் ஏற்றச் சட்டம் போட்டிருந்த நேரம். வாரிசு வந்து சொந்த உழைப்பில் சாகுபடி செய்தால் குத்தகை உரிமை வாரிசுக்கு. வராவிட்டால் நிலம் மிராசுதாரிடமே திரும்பிப் போகும். மிராசுதாரும் அதற்காகத்தான் காத்திருந்தார். கோலாரில் அய்யாக்கண்ணுவுக்கு இருந்ததோ அண்ணன் தம்பிகளோடு பங்கு பிரித்தால் கோவணத் துணி அளவு தேறும் மேட்டு நிலம். அதில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டியிருந்தது. அங்கே ஒன்பது மாவும் கிடைக்காவிட்டால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். இது அவருக்கு நன்றாகவே தெரியும்.

அதனால்தான் அத்தனை கேள்வி. கோலார் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பக்கீர் முகம்மது கூத்தாநல்லூர்க்காரர். அவரிடம் அய்யாக்கண்ணு வாரத்துக்கு இரண்டு தடவை போய் உட்கார்ந்தார். ரேஷன் கார்டை இங்கே ஒப்படைத்துவிட்டுச் சான்று வாங்கிக்கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் அங்கே அரிசி கிடையாது என்று பக்கீர் முகம்மது சொன்னார். கும்பகோணத்திலிருந்து எந்த பஸ், எந்த மாதத்தில் கொசு, கேழ்வரகுக் களி கேட்டால் அங்கே சிரிப்பார்கள், மழைக்காலத்தில் செருப்பு உதவாது, பாம்பு வீட்டுக்குள் வரும், யாரிடம் பேசினாலும் முதல் நாளே கட்சி பேசாதே, சங்கம் பேசாதே என்று எல்லாம் சொன்னார். சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அந்த நல்ல மனிதர் ஆயுசில் வயலில் கால் வைத்ததில்லை.

அய்யாக்கண்ணுவும் மாமனார் ஊரை அதற்குமுன் ஒரே தடவைதான் பார்த்திருந்தார், கல்யாணத்தின்போது. அது சித்திரை மாதம். ஆறு மணலாய்க் கிடந்தது. வயல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. இதற்கு நம் கோலாரே தேவலை என்று நினைத்துக்கொண்டு திரும்பியவர் அவர்.

வைகாசியில் சுந்தரியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஊர் அவரை உள்ளங்கையில் வைத்துத் தாங்கியது. சுந்தரி ஊர்ப்பெண், ஆகவே அய்யாக்கண்ணு ஊருக்கே மாப்பிள்ளை. டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் விட்டார்கள். “வாங்க மாப்பிள்ளை” என்பதைத் தவிர வேறு மாதிரி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்து அது கிளை வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு வந்த அன்றைக்கு, “உங்க ஊர்த் தண்ணிதான் மாப்பிள்ளை வருது” என்று கேலி செய்தார்கள். கோலாருக்கும் காவிரிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. இருந்தாலும் ஏதோ தானே அனுப்பிவைத்ததுபோல அவர் அடக்கமாகச் சிரித்துவைத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை மரியாதையில் ஒரு வில்லங்கம் உண்டு. மாப்பிள்ளைக்கு யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள். சேற்று உழவில் முதல் நாள் அவர் மூன்று முறை வழுக்கி விழுந்தார். வரப்பில் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார்கள். அவ்வளவுதான். “இப்படிப் பிடி கலப்பையை” என்று யாரும் அதட்டவில்லை. அவரே பழகிக்கொண்டார். நடவு முடியும்வரை சுந்தரி கூட இருந்தாள். மடைகளை வெட்டுவதும் அடைப்பதும் அவளும் அக்கம்பக்கத்தாரும் பார்த்துக்கொண்டார்கள். இவர் ஏரைப் பிடித்தார், நாற்றுக்கட்டைத் தூக்கிப் போட்டார், வரப்பு கட்டினார். வரப்பு கட்டுவதில் அவர் கெட்டிக்காரர். கிணற்றுத் தண்ணீரைக் கவலைச் சாலில் மாடு ஓட்டி இறைத்துப் பாத்தி பாத்தியாகக் காப்பாற்றிப் பழகிய கை அது. ஒரு சொட்டு வெளியே கசியாது.

அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் குறைச்சல். வாய்க்காலில் முறை வைத்துவிட்டார்கள். சில நாட்கள் இந்தப் பக்கத்து வயல்களுக்கு, அப்புறம் வாய்க்காலின் எதிர்ப்பக்கத்துக்கு. நட்ட பயிருக்கு முதல் முறைத் தண்ணீர் வந்தபோது சுந்தரி பக்கத்து ஊருக்கு நடவாளாகப் போய்வந்துகொண்டிருந்தாள். குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு விடியுமுன் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவாள். தண்ணீர் பாய்ச்சுகிற பொறுப்பு முதல் தடவையாக மாப்பிள்ளையின் தலையில் முழுசாக விழுந்தது.

மண்வெட்டியோடு போனார். வாய்க்காலிலிருந்து தண்ணீர் அவருடைய வயலில் இறங்கி விரிந்தது. அவர் குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். மாடு ஓட்டாமல், கயிறு இழுக்காமல், இத்தனை தண்ணீரா! கரையோரமாகவே நடந்து ரசித்துக்கொண்டு கீழ்க்கோடிக்குப் போனார். அங்கே வரப்பில் ஒரு முழ அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. அதன் வழியாக அவர் வயல் தண்ணீர் சலசலவென்று அடுத்த வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

டெல்டாக்காரர் யாரும் இதைப் படித்தால் இந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்வார். அந்தத் திறப்புக்குப் பெயர் வாமடை. அங்கே ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயல் நிறைந்து, வாமடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கி, அது நிறைந்து அதற்கும் கீழே இறங்கி, இப்படியே வயலுக்கு வயல் பாய்ந்து கடைசியில் வடிகாலில் போய் விழும். தண்ணீர் நம் வயலில் வந்து தங்கிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். அதற்கு நாம் சொந்தக்காரர் இல்லை. இதை அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. மூச்சுவிட யாராவது சொல்லித்தருவார்களா?

கிணற்றுக்காரர் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. ஒன்று, எலி பறித்திருக்கவேண்டும். அல்லது, கீழ் வயல்காரர் யாரோ புது மாப்பிள்ளைதானே என்று கை வைத்திருக்கவேண்டும். சண்டைக்குப் போகிற குணம் அவருக்கு இல்லை. முதல் வருடம், பொறுத்துப்போவோம் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டு, சேற்றை வெட்டிப் போட்டு, மிதித்து, மேலே புல்லோடு பெயர்த்த மண்கட்டியை வைத்து, கோலார் பக்குவத்தில் ஒரு சொட்டும் கசியாமல் அந்தத் திறப்பை அடைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் சுந்தரி அலுப்போடு வந்து, “தண்ணி வந்துச்சா மாமா?” என்று கேட்டாள். வயல் தளும்ப நிற்கிறது என்று மார்தட்டினார். அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில்.

கீழ் வயல்காரர் நல்லக்கண்ணு அந்த இரண்டு நாளும் விவசாயச் சங்க வேலையாகத் திருவாரூர் போயிருந்தார். அறுவடைக்கு அறுவடை கூலித் தகராறு, குத்தகைத் தகராறு என்று வயலோரம் போலீஸ் வேன் நின்ற காலம் அது. சங்கத்துக்காரருக்கு வீடு தங்க நேரமிருக்காது. அவர் திரும்பி வந்து வயலைப் பார்த்தபோது முறை மாறித் தண்ணீர் எதிர்ப்பக்கம் போய்விட்டது. நட்ட பயிர் ஆடி வெயிலில் சுருண்டு கிடந்தது. அவருக்குக் கீழே இன்னும் நாலு பேர், அவர் வயல் நிறைந்து தண்ணீர் இறங்கட்டும் என்று காத்திருந்தவர்கள். அவர்கள் வயலும் அதே கதி. ஐந்து பேரும் மேலே நடந்து வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை வயலில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர் தவளைக் கச்சேரியோடு நின்றது.

நல்லக்கண்ணு நேரே ஊருக்குள் நடந்தார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்று, சுந்தரியைப் பார்த்து, “ஒங்கப்பன் இருந்திருந்தா இது நடக்குமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சுந்தரி ஓடிப்போய்ப் பார்த்தாள். பார்த்ததும் அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளும் தண்ணீர் வந்ததா என்று கேட்டவள், தண்ணீர் போனதா என்று கேட்கவில்லையே. அவள்மேலேயே அவளுக்குக் கோபம். விஷயத்தை அவள் சொல்லச் சொல்ல அய்யாக்கண்ணுவின் முகம் செத்துப்போயிற்று. அத்தனை கேள்வி கேட்டு, கொசுவையும் செருப்பையும் தெரிந்துகொண்டு வந்தவர், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. தண்ணீர் தனக்குத் தெரிந்த விஷயம் என்றல்லவா நினைத்திருந்தார்!

அவமானம் ஒரு பக்கம். பயம் இன்னொரு பக்கம். குத்தகைப் பதிவுக்கான அதிகாரி வரும் தேதி தண்டோரா போட்டாகிவிட்டது. யார் சாகுபடி செய்கிறார் என்று அக்கம்பக்கத்து வயல்காரர்களைத்தான் அதிகாரி கேட்பார். அந்த அக்கம்பக்கம் என்பது இந்த ஐந்து பேர்தான். மிராசுதாரின் காரியஸ்தர் தியாகராசனுக்கு விஷயம் எட்டியது. அவர் சைக்கிளில் வந்து, ஊர் ஒத்துக்கொள்ளாத இடத்தில் இருப்பானேன், நல்லபடியாக ஊருக்குத் திரும்பிவிடுங்கள் என்று தேனொழுகச் சொல்லிவிட்டுப் போனார்.

அய்யாக்கண்ணு முதலில் செய்த காரியம் அடைப்பை வெட்டி விட்டது. நின்ற தண்ணீர் நல்லக்கண்ணு வயலில் பாதியைத்தான் நனைத்தது. அப்புறம் மாமனாரின் இறைகூடையைப் பரணிலிருந்து இறக்கினார். இறைகூடை இரண்டு பேர் வேலை. எதிரும் புதிருமாக நின்று, கூடையின் கயிறுகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பள்ளத்தில் கிடக்கிற தண்ணீரை வீசி வீசி மேட்டில் ஏற்றவேண்டும். வடிகாலில் பழைய தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. புருஷனும் பெண்சாதியும் அந்த வடிகாலில் இறங்கி, பழைய சோற்று வேளை முதல் விளக்கு வைக்கும் வேளைவரை கீழ் வயல்களுக்குத் தண்ணீரை ஏற்றினார்கள். இறைப்பதுதான் அவருக்குத் தெரிந்த வித்தை. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் சுந்தரியின் கை ஓய்ந்தபோது நல்லக்கண்ணுவின் மனைவி கமலாம்பாள் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். நல்லக்கண்ணு வரப்பில் நின்று பார்த்தார், பீடி குடித்தார், போனார். அடுத்த முறைத் தண்ணீர் வருகிறவரை இப்படியே ஓடியது. பயிர் பிழைத்துவிட்டது. நல்லக்கண்ணு மட்டும் பேசவில்லை. மற்ற நால்வரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள், அவர்களும் பேசவில்லை.

விசாரணை நாளன்று அதிகாரி பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை. ஊர் முழுக்க வாசலிலும் ஜன்னலிலும் நின்றது. பஞ்சநாதனின் ஒன்பது மா வந்தபோது தியாகராசன் எழுந்து, மரியாதை கொஞ்சமும் குறையாமல் பேசினார். பஞ்சநாதன் காலமாகிவிட்டார், பாவம். மகள் மைசூர் மாநிலத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை தங்கமான மனிதர், மாமனார் ஊருக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார், நாலு நாள் இருந்துவிட்டுப் போவார். நிலம் பண்ணைச் சாகுபடியில்தான் இருக்கிறது, உழுததும் நட்டதும் பண்ணை ஆட்கள்.

சுந்தரி பதறிப்போய் இல்லை என்றாள். அதிகாரி கையைக் காட்டி அவளை நிறுத்தினார். ஒரு பக்கம் சொன்னால் மறுபக்கம் மறுக்கத்தான் செய்யும். அவர் நாளெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வயல்காரர் யார் என்று கேட்டார். நல்லக்கண்ணு முன்னால் வந்து நின்றார். அய்யாக்கண்ணு தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த சுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள்.

“இந்த அய்யாக்கண்ணுவை உங்களுக்குத் தெரியுமா?” என்று அதிகாரி கேட்டார்.

“தெரியுமாவாங்க?” என்றார் நல்லக்கண்ணு. அத்தனை நாளும் அடைத்து வைத்திருந்ததெல்லாம் அங்கேதான் உடைந்தது. “எந்தப் பாவி தெரியாதுன்னு சொன்னான்? எம் வயித்துல அடிச்சவன் இவன். வாமடைய அடைச்சுப்புட்டு, ரெண்டு நாள் முறைத் தண்ணிய மொத்தமா இவன் வயல்லயே கட்டிவச்சுக்கிட்டான். எம் பயிரு சுருண்டுபோச்சு. கீழ நாலு பேரு பயிரும் போச்சு. விருந்தாளியாமுல்ல, விருந்தாளி! எந்த ஊரு விருந்தாளி மண்வெட்டியத் தூக்கிட்டு வந்து வாமடைய அடைப்பான்?”

அவ்வளவுதான். அவர் பேசியதும் மற்ற நால்வருக்கும் வாய் திறந்துகொண்டது. ஒருவர் மாப்பிள்ளை வரப்பை அரை அடி உயர்த்திக் கட்டிவிட்டான் என்றார். ஒருவர் அவன் உழுத அழகைப் பாருங்கள், மேடும் பள்ளமும் என்றார். இன்னொருவர் நாற்றுக்கட்டை எறியத் தெரியாமல் தன் வயலில் எறிந்துவிட்டான் என்று பழைய கணக்கையும் எடுத்தார். அய்யாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆயுசில் அத்தனை திட்டு அவர் வாங்கியதில்லை. எல்லாம் முடிந்தது, இனி கோலாரில் தம்பி வாசலில்தான் போய் நிற்கவேண்டும் என்றே அவர் நினைத்தார். உழுதவன் யார், நட்டவன் யார், வரப்பு கட்டியவன் யார் என்று ஐந்து பேரும் திட்டித் திட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்த அறையில் கடைசியாகத்தான் அவருக்கு எட்டியது. அதிகாரிக்கு எப்போதோ எட்டிவிட்டது. அவருடைய பேனா ஓடிக்கொண்டிருந்தது.

தியாகராசனுக்கும் எட்டியது. ஏதோ கோபத்தில் பேசுகிறார்கள் என்று குறுக்கே புகுந்தார். நல்லக்கண்ணு அவர் பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். “கோபந்தான். நெலத்துல எறங்காதவன்மேல எனக்கு எதுக்குங்க கோபம் வரணும்?” என்றார்.

அதிகாரி ஒன்றே ஒன்று கேட்டார். அடைத்த பிறகு என்ன ஆயிற்று?

நல்லக்கண்ணுவை அவர் மனைவி முந்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற கமலாம்பாள் சொன்னாள், பயிர் பிழைக்கிறவரை புருஷனும் பொண்டாட்டியும் வடிகாலில் நின்று கூடை போட்டார்கள், தானும் போட்டேன், தோள் இன்னும் வலிக்கிறது என்று. கூட்டம் சிரித்தது. சொந்த உழைப்பு என்று சட்டத்தில் இருந்த வார்த்தைக்கு அதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பஞ்சநாதன் மகள் சுந்தரி என்று அதிகாரி வாய்விட்டுப் படித்தார், கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டார். அடுத்த நிலத்தைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் அய்யாக்கண்ணு நல்லக்கண்ணுவின் எதிரே போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். உதவி செய்யவேண்டும் என்று திட்டினாரா, கோபத்தில் திட்டியது உதவியாகப் போயிற்றா என்று கேட்கவும் துணியவில்லை. அதை நல்லக்கண்ணு கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நம்மைக் கேட்டால் இரண்டும்தான். நிஜக் கோபம் இல்லாமல் அப்படித் திட்ட வராது. சங்கத்தில் அத்தனை வருடம் இருந்தவருக்கு எந்த இடத்தில் திட்டுகிறோம் என்பதும் தெரியாமல் இராது.

“கும்புடெல்லாம் எதுக்கு? நான் ஒண்ணும் பொய் சொல்லல,” என்றார் நல்லக்கண்ணு. “நாளைக்கு முறை நமக்கு வருது. காலையில வாமடையில நில்லு. எப்ப வெட்டணும், எவ்வளவு வெட்டணும்னு காட்டுறேன். இன்னொருவாட்டி அடைச்சே, தண்ணியோட சேத்து ஒன்னையும் வடிகால்ல விட்டுருவேன்.”

நில்லு என்றார், ஒன்னை என்றார். அய்யாக்கண்ணு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சுந்தரி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள். ஊர் கூடியிருக்கிற இடத்தில் தன் புருஷனை இப்படிப் பேசிவிட்டார்களே என்று அவளுக்கு ஒரு பக்கம் ஆறவில்லை. நல்லக்கண்ணு சித்தப்பாவிடம் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்றாள். அய்யாக்கண்ணு குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“கேக்காதே, விடு,” என்றார். “வந்த நாள்லேர்ந்து எல்லாரும் என்னை வழியனுப்பி வைக்கப்போற மாதிரியே பேசிக்கிட்டிருந்தாங்க. இன்னைக்குத்தான் சுந்தரி, இங்கேயே இருக்கப்போறவனைத் திட்டுற மாதிரி திட்டுனாங்க.”